சென்சஸ் கையேடு, திருவாரூர் மாவட்டம், 2011: திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு ரிவ்யூ

ஊரைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள், ஊரில் கடை போட நினைக்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவர்கள் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கை காட்டுவது இந்தக் கையேட்டைத்தான். மத்திய அரசின் சென்சஸ் துறை மாவட்டத்துக்கு ஒன்றாக வெளியிடும் டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக். 1951 கணக்கெடுப்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. சென்சஸ் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், காசு கிடையாது. திருத்துறைப்பூண்டி மாதிரி ஒரு சின்ன விவசாய ஊரை, அதன் நிலத்தையும் ஜனத்தையும் தெரிந்துகொள்ள இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

மதிப்பெண்ணை முன்பே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலு. ஆனால் திருத்துறைப்பூண்டி நகராட்சி என்று போட்டிருக்கும் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் ஒன்றுகூடத் தேறாது. விவசாய ஊரைப் பற்றிய விஷயம் அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் பக்கங்களில்தான் இருக்கிறது.

கையேடு இரண்டு பகுதி. ஏ பகுதியில் கிராமங்களுக்கும் நகரங்களுக்குமான விவரப் பட்டியல்: பரப்பளவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர், பஸ், பேங்க், நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பதெல்லாம். பி பகுதியில் ஆட்களின் கணக்கு: எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், ஆறு வயதுக்குள் எத்தனை குழந்தை, பட்டியல் சாதியினர் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, யார் என்ன வேலை. கிராமமென்றால் கிராமம் கிராமமாக, நகராட்சியென்றால் வார்டு வார்டாக. பெரும்பாலோர் பி பகுதியை மட்டும் இறக்கிக்கொண்டு ஏ பகுதியைத் தொடுவதே இல்லை. விவசாய ஊருக்கு ஏ பகுதிதான் முக்கியம் என்பேன்.

முதலில் அந்த ஒற்றை எண். 2011-ல் திருத்துறைப்பூண்டி நகராட்சியின் மக்கள்தொகை 24,404. என் சித்தப்பா மகன் ஊரில் உரமும் விதையும் விற்கிற கடை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "நம்ம ஊர்ல மொத்தம் எத்தனை பேர்ண்ணே?" என்று கேட்டான். இந்த எண்ணைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது, இருபத்து நாலாயிரம் பேருக்கு ஏற்கெனவே இத்தனை உரக்கடை இருக்கிறதே என்று. காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுடா என்றேன். வேதாரண்யம் பக்கமிருந்தும் முத்துப்பேட்டை பக்கமிருந்தும் மன்னார்குடி பக்கமிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்தில் யாரும் அந்த 24,404-க்குள் இல்லை. பேங்குக்கு வருகிறவர், பம்ப் செட் மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுவருகிறவர், பிரசவத்துக்கு மகளை அழைத்து வருகிறவர், தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு நிற்கிறவர் எல்லோரும் இரவு வேறு ஊரில் தூங்குகிறவர்கள். சென்சஸ் தூங்குகிற இடத்தைத்தான் எண்ணும், அது அதன் முறை, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உரக்கடைக்காரனுக்கு வேண்டியது பகலில் ஊருக்கு வருகிற ஜனம். அதற்கு நகராட்சியின் ஒற்றை எண்ணை விட்டுவிட்டுத் தாலுகாவின் கிராமப் பக்கங்களுக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு கிராமத்துக்கும் எதிரே அதற்குப் பக்கத்து நகரம் எது, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பத்தி (அட்டவணையின் நெடுக்கு வரிசை) உண்டு. அதில் திருத்துறைப்பூண்டி என்று போட்டிருக்கும் கிராமங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவற்றின் ஜனத்தொகையைக் கூட்டுங்கள், அப்புறம் பயிர் செய்யும் பரப்பையும் கூட்டுங்கள். ஊரின் உண்மையான அளவு அதுதான். தம்பியும் நானும் உட்கார்ந்து இதைத்தான் செய்தோம். அவன் கடை எந்தச் சாலையில் இருந்தால் தேவலாம் என்பதுவரை அதிலேயே தெரிந்துவிட்டது.

இங்கே "நகரம்" என்பதற்குச் சென்சஸ் வைத்திருக்கும் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. நகராட்சி, மாநகராட்சி, நம் மாநிலத்தில் பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் அது நகரம்தான், உள்ளே எவ்வளவு வயல் இருந்தாலும் சரி. அப்படி அறிவிக்காத ஊருக்குத்தான் சோதனை: 5,000 பேராவது இருக்க வேண்டும், வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி முதல் வகை. அதனால்தான் நகராட்சி எல்லைக்குள்ளேயே சாகுபடி செய்கிறவர்களும் நடவுக்குப் போகிறவர்களும் வார்டுக் கணக்கில் வருகிறார்கள். வார்டு வாரியாகப் பார்த்தால் கடைத்தெரு வார்டுகளில் "இதர தொழிலாளர்" பத்தி வீங்கியிருக்கும், ஓரத்து வார்டுகளில் விவசாயக் கூலிப் பத்தி. ஊர் எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பத்திகளை வைத்தே சொல்லிவிடலாம். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் திருவாரூர் மாவட்டத்தில் 12,64,277 பேர். ஐந்தில் நாலு பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். மாநிலம் முழுவதும் எடுத்தால் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள், இங்கே அதில் பாதிகூட இல்லை. மாவட்டம் முழுவதற்கும் அப்போது நகராட்சிகள் நாலுதான்: திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கூத்தாநல்லூர்.

இப்போது ஏ பகுதியில் ஒரு கிராமத்தின் வரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எண்கள் குறைவு, ஆங்கில எழுத்துகள் அதிகம். ஒரு வசதி ஊரில் இருந்தால் எண்ணிக்கை. இல்லாவிட்டால் அது எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஏ, பி, சி. ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஏ, ஐந்திலிருந்து பத்து என்றால் பி, பத்துக்கு மேல் என்றால் சி. ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை ஆஸ்பத்திரி, போஸ்ட் ஆபீஸ், கூட்டுறவுக் கடன் சங்கம் என்று வரிசையாகப் போகும். ஒரு கிராமத்தின் வரியில் படிப்பு ஏறிக்கொண்டே போகப் போக ஏ, பி ஆகி, பி, சி ஆவதைப் பார்க்கும்போது, அந்த ஊர்ப் பெண் பிள்ளை எந்த வகுப்போடு நின்றிருப்பாள் என்பது தெரிந்துவிடும். பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வர வேண்டும், சாயங்காலம் ஒரே ஒரு டவுன் பஸ், அது வராவிட்டால் என்ன செய்வாள்? அந்த ஒற்றை சி எழுத்தைக் காட்டி பஸ் கேட்டு மனு எழுதலாம். வெறுமனே "எங்கள் ஊருக்குப் பஸ் வசதி இல்லை" என்று எழுதுவதைவிட, அரசின் சொந்தப் புத்தகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவது எவ்வளவோ பலமானது.

அதே வரியின் கடைசியில் நிலக் கணக்கு வரும். மொத்தப் பரப்பு ஹெக்டேரில், அதில் பயிர் செய்த நிலம் எவ்வளவு, தரிசு எவ்வளவு, மேய்ச்சல் எவ்வளவு, பாசனம் கால்வாயிலா கிணற்றிலா குளத்திலா. எங்கள் பக்கம் எல்லாமே வாய்க்கால் பாசனம் என்றுதான் வரும். இந்த இடத்தில்தான் கையேட்டின் மேல் எனக்கு உண்மையான குறை.

டெல்டாவில் ஒரு ஊரின் பூகோளம் என்பது தண்ணீர் வரிசையில் அது எங்கே நிற்கிறது என்பதுதான். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு ஆகிறது. அப்புறம் முள்ளியாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று கிளை கிளையாகப் போய், கடைசியில் சேரும் சகதியுமான நிலத்தில் கடலைத் தொடுகிறது, தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. முள்ளியாறு எங்கள் ஊர் வழியாகவே போகிறது. அதாவது நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், திறந்தாலும் தலைமடைக்காரர் நாற்றுப் பறித்து நடும்போது நாங்கள் வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொண்டு நிற்போம். போர் போடலாமென்றால் கடலுக்குக் கிட்டப் போகப் போக நிலத்தடி நீர் உப்பு. அதனால் பல இடங்களில் ஒருபோகச் சம்பாதான், அதுவும் மழையை நம்பி நேரடி விதைப்பு. அறுவடைக்கு முன்னால் வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டால் அது பிழைத்ததோ இல்லையோ பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் தண்ணீர் வடியாது, ஏனென்றால் மேலே இருந்து வடிகிற தண்ணீரெல்லாம் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். தண்ணீர் இல்லாமலும் கெடும், தண்ணீர் அதிகமாகியும் கெடும்.

இவ்வளவும் கையேட்டில் "கால்வாய்ப் பாசனம், இத்தனை ஹெக்டேர்" என்று ஒற்றை எண்ணாக வருகிறது. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்கும் அதே பத்தி, எங்கள் பக்கத்துக்கும் அதே பத்தி. அந்தக் கால்வாயில் தண்ணீர் எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் வந்தது என்பதற்கு இடமே இல்லை. நிலத்தின் உயரம், உவர் மண், வடிகால் எதுவும் கிராம வரியில் கிடையாது. நகரங்களுக்கான பட்டியலில் மழையளவும் வெயிலும் கொடுக்கிறார்கள், நல்லது, ஆனால் வருஷ மழையின் மொத்தத்தை வைத்து எங்கள் ஊரில் எதையும் முடிவு செய்ய முடியாது, எந்த வாரத்தில் பெய்தது என்பதுதான் விஷயம். ஆகவே நிலக் கணக்குக்கு இந்தக் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கல்தான் உண்மையான பயிர்க் கணக்கு, எந்தச் சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். அது பசலி ஆண்டுக் கணக்கு, ஜூலை தொடங்கி ஜூன் வரை. சென்சஸ் மார்ச் 1-ஐ வைத்து நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் 2010-11 என்றால் பசலி 1420 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலைக் கணக்கு. கையேட்டில் மிகவும் பயனுள்ள பகுதி, தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிற பகுதியும் இதுதான். நாலு வகை: சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், இதர தொழிலாளர். சாகுபடியாளர் என்றால் நிலச் சொந்தக்காரர் என்று நினைத்து, "இந்த ஊரில் இத்தனை பேருக்கு நிலம் இருக்கிறது" என்று எழுதியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி இல்லை. சொந்த நிலமோ, அரசு நிலமோ, குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) எடுத்த நிலமோ, எதில் பயிர் வைத்தாலும் சாகுபடியாளர்தான். வரப்பில் நின்று மேற்பார்வை செய்தாலும் சாகுபடியாளர்தான். கோயில் நிலமும் மடத்து நிலமும் இத்தனை இருக்கிற எங்கள் பக்கத்தில் குத்தகைதாரரும் மிராசுதாரரும் ஒரே பத்தியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து நிலவுடைமையைப் பேசவே கூடாது. விவசாயத் தொழிலாளர் என்பவர் பிறர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்கிறவர், பயிர் லாபமோ நஷ்டமோ அவருக்குப் பொறுப்பு இல்லை. இது தெளிவான பிரிவு, இந்த எண்ணை நம்பலாம்.

ஆனால் இதற்குள்ளேயே இன்னொரு கோடு இருக்கிறது. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர், அதிலும் மூன்று மாதத்துக்குக் குறைவு, மூன்றிலிருந்து ஆறு மாதம் என்று 2011-ல் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் ஒரு அத்தையிடம் வருஷத்துக்கு எத்தனை மாதம் வேலை என்று கேட்டேன். "மாசக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, நாத்துப் பறிப்பு இருந்தா போவேன், களையெடுப்பு இருந்தா போவேன், இல்லாட்டி நூறு நாள் வேல, அதுவும் இல்லாட்டி மாட்டப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடப்பேன்" என்றார். இந்தப் பதிலைக் கணக்கெடுப்பாளர் எந்தக் கட்டத்தில் போடுவார்? நேரடி விதைப்பு வந்து நடவு குறைந்தது, இயந்திரம் வந்து அறுப்பு போய்விட்டது. வெளி மாவட்டங்களிலிருந்து கதிர் அறுக்கும் மெஷின் வந்து ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டுப் போகிறது. ஒரு காலத்தில் முதன்மைப் பத்தியில் இருந்த பெண்கள் குறுகிய காலப் பத்திக்கு நகர்ந்ததற்கு இதெல்லாம் காரணம். கிராமத்து வரியில் பெண்கள் பக்கத்துக் குறுகிய கால விவசாயத் தொழிலாளர் எண்ணைப் பாருங்கள். ஊரில் வேலை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான அளவு இந்தப் புத்தகத்தில் வேறு இல்லை.

ஆண்கள் எங்கே போனார்கள் என்பது அடுத்த கேள்வி. திருத்துறைப்பூண்டி நகராட்சியில் 1,000 ஆண்களுக்கு 1,039 பெண்கள். மாவட்டத்துக்கு 1,017, மாநிலத்துக்கு 996, நாட்டுக்கு 943. இதைப் பார்த்து எங்கள் பக்கம் பெண் குழந்தைகளைக் கொண்டாடுகிறோம் என்று பெருமைப்பட ஆசைதான். ஆனால் அந்த முடிவுக்கு ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளின் விகிதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், கையேடு அந்த எண்ணையும் தருகிறது. பெரியவர்கள் கணக்கில் ஆண்கள் குறைவதற்கு என் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வெளியூர் பிழைப்பு: திருப்பூர், சென்னை, கேரளா, அப்புறம் சிங்கப்பூர், வளைகுடா. கணக்கெடுப்பு நடந்த பிப்ரவரி நாட்களில் ஊரில் இல்லாமல் வெளிநாட்டில் இருந்தவரை இந்தக் கணக்கு எண்ணவே எண்ணாது. மாதாமாதம் பணம் அனுப்புகிறார், வீடு கட்டுகிறார், தங்கச்சி கல்யாணத்தை நடத்துகிறார், ஆனால் ஊர் ஜனத்தொகையில் அவர் இல்லை. 2001-ல் 11,69,474 பேர் இருந்த மாவட்டம் பத்து வருஷத்தில் 8.1 சதவீதம்தான் வளர்ந்தது, மாநிலம் 15.6 சதவீதம் வளர்ந்தது. இந்த இடைவெளியில் பெரும் பங்கு பஸ் ஏறிப் போனவர்கள்தான் என்று நினைக்கிறேன். யார் எங்கே போனார்கள் என்கிற இடப்பெயர்வுக் கணக்கு சென்சஸில் தனி வரிசையாக வருகிறது, ஆனால் அது மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. சின்ன ஊருக்கு, கிராமத்துக்குக் கிடையாது. விவசாய ஊர்களுக்கு மிகவும் வேண்டிய தகவல் அதுதான்.

பட்டியல் சாதியினர் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். 2011 கணக்கில் திருவாரூர் மாவட்டத்தில் 34 சதவீதம், தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதிகம். இந்த எண்ணையும் விவசாயத் தொழிலாளர் எண்ணையும் கிராமம் கிராமமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கீழத்தஞ்சையின், அதாவது பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கிழக்குப் பகுதியின் வரலாறு அட்டவணையிலேயே எழுந்து நிற்கும். பண்ணையாள் முறையை, அதாவது நிலக்காரரிடம் குடும்பத்தோடு கட்டுண்டு வேலை செய்வதை எதிர்த்துச் சங்கம் கட்டிய பி.சீனிவாசராவின் நினைவிடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1961-ல் நில உச்சவரம்பு, 1971-ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தருகிற சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் எரிக்கப்பட்டது இங்கிருந்து தொலைவில் நடந்ததல்ல. இதெல்லாம் தெரிந்தவர் கையில் இந்தக் கையேடு கிடைத்தால் ஒவ்வொரு எண்ணும் பேசும்.

ஆனால் கையேடு வருவாய் கிராமத்தோடு நின்றுவிடுகிறது. வருவாய் கிராமத்துக்குள் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று தனித்தனிக் குடியிருப்புகள், இடையில் வயலும் வாய்க்காலும். "ஊரில் குழாய்த் தண்ணீர் உண்டு" என்று கையேடு சொன்னால் அது எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியாது. ஆரம்பப் பள்ளி ஒன்று என்றால் எந்தப் பக்கத்தில்? காலனிக்குப் போகும் ரோடு தார் ரோடா, மழைக்காலத்தில் நடக்க முடியுமா? கிராமத்தின் சராசரிக்குள் இதெல்லாம் காணாமல் போகிறது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகத்தான் போகிறார், தெரு வாரியாகத்தான் எடுக்கிறார், வெளியிடும்போது அதைக் குடியிருப்பு வாரியாகக் கொடுக்க மனம் வைத்தால் போதும். மதிப்பெண்ணில் ஒன்றை நான் குறைத்தது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பழைய கணக்கைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். நகரங்களுக்கான முதல் அட்டவணையில் 1901 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை இருக்கும், அது நகரத்துக்கு மட்டும். கிராமத்தின் பழைய எண் வேண்டுமென்றால் பழைய கையேட்டுக்கே போக வேண்டும், அதைத் திருவாரூர் என்று தேடினால் கிடைக்காது. நாகப்பட்டினம் மாவட்டம் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது 1991 அக்டோபரில், அந்த வருஷக் கணக்கெடுப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. திருவாரூர் பிரிந்தது 1997 ஜனவரியில். ஆகவே 1991 வரை தஞ்சாவூர் மாவட்டக் கையேடு, 2001-லிருந்து திருவாரூர் கையேடு. நாகப்பட்டினம் கையேட்டில் எங்கள் ஊர் எந்தக் கணக்கெடுப்பிலும் வரவில்லை.

மிகப் பெரிய பிரச்சனை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இதெல்லாம் 2011. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. நடுவில் எங்கள் ஊரில் என்னென்னவோ ஆகிவிட்டது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறி தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் என்று தோப்பு வைத்தவரைக் கேளுங்கள், அதற்குள் எத்தனை பேர் ஊரை விட்டுப் போயிருப்பார்கள் என்று புரியும். மீட்டர் கேஜ் ரயில் நின்று அகலப் பாதை வந்து 2019-ல் திருவாரூர்-காரைக்குடி ரயில் ஓடத் தொடங்கியது, 2023 ஏப்ரலில் அகஸ்தியம்பள்ளிக்கும் ரயில் வந்தது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கும் சட்டம். 2011-ல் ஏழு தாலுகாவாக இருந்த மாவட்டத்தில் கூத்தாநல்லூரும் முத்துப்பேட்டையும் புதுத் தாலுகா. அதனால் கையேட்டில் திருத்துறைப்பூண்டி தாலுகா என்று இருக்கும் கிராமங்களில் பல இன்றைக்கு முத்துப்பேட்டையில் இருக்கின்றன, இன்றைய தாலுகாவோடு ஒப்பிடுகிறவர்கள் கிராமப் பெயரை வைத்துக் கூட்டுங்கள், தாலுகா மொத்தத்தை எடுக்காதீர்கள்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மாவட்டத்தின் கிராமங்களைப் பற்றிய புத்தகம், அந்தக் கிராமத்தின் ஊராட்சித் தலைவர் எடுத்துப் படிக்கிற மொழியில் இல்லை. கிராமப் பெயர்கள்கூட ஆங்கில எழுத்தில்தான், சிலவற்றை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் எந்த ஊர் என்றே பிடிபடும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒரு பத்தி சேர்த்தாலே பாதிச் சிரமம் குறையும். வரைபடங்கள் நன்றாக இருக்கின்றன, தாலுகாவுக்கு ஒன்று, கிராம எல்லைகளோடு. பிரிண்ட் போட்டு நூலகச் சுவரில் ஒட்டலாம்.

நகரப் பட்டியலில் ஊரில் உற்பத்தியாகும் மூன்று முக்கியப் பொருட்கள் என்று ஒரு பத்தி உண்டு. மூன்று சொல்லில் ஒரு ஊரின் விளைச்சலைச் சொல்வது சிரமம்தான். ஊருக்குப் பக்கத்தில் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் பிடித்து மீட்டார், அவர் 2018-ல் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நெல் திருவிழாவுக்கு வந்து விதை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் பூங்காரும் கையேட்டில் "நெல்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

பயன்படுத்துகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பி பகுதியின் எக்செல் கோப்பை இறக்குங்கள், பிடிஎஃப்பில் கூட்டல் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரின் வரியைப் பார்த்துவிட்டு உடனே சுற்றுக் கிராமங்களுக்குப் போங்கள். அப்புறம் ஏ பகுதியில் அதே கிராமங்களின் ஏ, பி, சி எழுத்துகள். நிலத்துக்கு அடங்கலும், மாநிலப் புள்ளியியல் துறை வெளியிடும் மாவட்டப் புள்ளிவிவரக் கையேடும். அதில் மழையும் பயிர்ப் பரப்பும் இதைவிட அண்மைய ஆண்டுகளுக்குக் கிடைக்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக அறிவித்திருக்கிறார்கள், சாதிவாரிக் கணக்கும் சேர்த்து, காகிதம் இல்லாமல் செல்போனிலேயே. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது வீட்டு ஆண்கள் முந்திக்கொண்டு "அவங்க சும்மா வீட்டுலதான் இருக்காங்க" என்று சொல்லிவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். நாற்றுப் பறித்தது, களையெடுத்தது, நூறு நாள் வேலைக்குப் போனது, எல்லாவற்றையும் மாதம் கூட்டி அந்தப் பெண்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள்.